அரைப்பேர்

புத்தகம் வந்த அன்று ஹட்டனில் மழை இல்லை,
அதுவே ஒரு செய்தி.
தபால்கந்தோரில் கையெழுத்துப் போட்டு வாங்கி
பஸ் நிலையத்துக்குப் பின்னால்
நவ்ஃபர் கடையில் வைத்துத்தான் பிரித்தேன்.
ஒன்பதாயிரத்து முன்னூறு ரூபாய்.
மேலட்டையில் ஈச்சமரம், ஒட்டகம்.
இந்த மலையில் யார் கண்டது ஒட்டகத்தை.

உள்ளே முதல் தாளில்
பழைய பிரதி, இருந்தபடியே பிடித்தோம்,
கறையும் வரலாறுதான் என்று
சுருக்கமாக ஒரு மன்னிப்பு.

நவ்ஃபர் தாளைத் தடவி வெளிச்சத்துக்குப் பிடித்தார்.
இருபது வருஷமாக
அடையாள அட்டையின் இரு முகமும்
ஒரே தாளில் விழும்படி கொப்பி எடுக்கிறவர்.
"தாள்ல குத்தமில்ல தங்கச்சி.
எடுத்த ஆள் கறுப்ப ஏத்தி வச்சிட்டாங்க."

கறுப்பை ஏற்றினால் என்ன ஆகும் என்பது
நாற்பத்தோராம் பக்கத்துப் படத்தில் தெரிந்தது.
தொரையின் தொப்பி பளிச்சென்று.
அவருடைய நாய்க்கு இரண்டு காதும் உண்டு.
பங்களாப் படிகள் ஐந்து, எண்ணலாம்.
கூடையோடு நின்ற வரிசை மட்டும்
ரோட்டில் கொட்டிய தார் மாதிரி
ஒரே இழுப்பு.
கூடைகள் எத்தனை என்று சொல்வேன்.
முகம் ஒன்றுகூட இல்லை.

பூச்சி அரித்த துளையும் அச்சாகியிருந்தது.
ஊதினேன்.
பிறகு, வெட்கத்தை விட்டு, நகத்தால் சுரண்டினேன்.

நூற்றுப்பன்னிரண்டின் மூலையில் ஒரு விரல்,
ரப்பர் உறை போட்டது, ஒல்லி.
ஒருத்தியாக இருக்க வேண்டும்.
புரட்டி முடிப்பதற்குள் விளக்கு எரிந்துவிட்டது.
அவளுக்கும் நாளுக்கு இத்தனை பக்கம் என்று
யாராவது நிறுத்துப் பார்ப்பார்கள்.

நான் வாங்கியது பின்னிணைப்புக்காக.
வடக்குப் பாதையில் நடந்து
தோட்டம் வந்து சேராதவர்கள்,
நூற்றுப் பதினேழு.
எண், வயது, நோய், விழுந்த இடம்,
கடைசிக் கட்டத்தில் பெயர்.
கடைசிக் கட்டம் தையலுக்குள் போயிருந்தது.

கருப்ப
வீரா
முனி
சின்ன
கருப்ப

கருப்பனா, கருப்பாயியா.
முனியனா, முனியம்மாவா.
ஆணா பெண்ணா என்று சொல்லக்கூடிய
அந்த ஓர் எழுத்தைத்தான் பசை தின்றிருக்கிறது.
வயது தெளிவு: நான்கு.
நோய் தெளிவு: பேதி.

"மடிப்புக்குள்ள இருக்கும்" என்றார் நவ்ஃபர்.
பிளேடைக் கையில் எடுத்துக்கொண்டு
என் முகத்தைப் பார்த்தார்.
ஒன்பதாயிரத்து முன்னூறு.
வெட்டுங்கள் என்றேன்.

முதுகைக் கீறி, பசையை உரித்து,
இரண்டு தாளையும் மெல்லப் பிரித்தோம்.
அரை அங்குல வெள்ளை.
மடிப்பு ஒன்றும் ஒளித்துவைக்கவில்லை.
விளக்கு எரிந்தபோதே
எழுத்து வெளியில் நின்றுவிட்டது.

காசு வாங்கவில்லை அவர்.
தாள் பறக்காமல் இருக்க ஒரு கிளிப் தந்தார்.

மறுநாள் ஆறரைக்குப் பெரட்டு.
செக்ரோல் எழுதுகிறவள் நான்.
நிறுவையில் கொழுந்து குறைந்தால்
பாதி நாள் கூலிக்கு
அரைப்பேர் என்று போடுகிற கை இது.
அன்றும் போட்டேன்,
மூன்று பேருக்கு.
போடாமல் விட்டேன் என்று எழுதினால்
இந்தக் கவிதைக்கு நல்லது;
போட்டேன்.

ஆனால் எஸ். சின்னம்மா என்று வழக்கமாக முடிப்பதை
செல்லமுத்து சின்னம்மா என்று
கட்டம் தாண்டினாலும் தாண்டட்டும் என
முழுக்க எழுதினேன்.
தைக்கிற பக்கத்தில் இரண்டு விரல் அகலம்
வெறுமையாக விட்டேன்,
வெளி ஓரத்திலும் அதே அளவு.

பெரிய கிளாக்கர் எட்டிப் பார்த்தார்.
ஏன் பிள்ளை தாளை வீணாக்குகிறாய்?

பின்னால் ஒருத்தி
விரல் வைக்க இடம் வேண்டுமே
என்றேன்.